வேர் முந்துமா, துளிர் முந்துமா?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூம்ஸ்டோன் என்றொரு பழைய வெள்ளிச் சுரங்க ஊர். 1885-இல் அங்கே ஒரு விடுதியின் கொல்லையில் நட்ட வெள்ளை பேங்ஸியா ரோஜா, இன்று 8,000 சதுர அடிக்கு மேல் பந்தலாகப் படர்ந்து நிற்கிறது. சுரங்க வேலைக்கு வந்தவரின் மனைவிக்கு ஸ்காட்லாந்திலிருந்து உறவினர்கள் அனுப்பிய, வேர்பிடித்த குச்சி அது.

நம் வீட்டுத் தொட்டியில் கதை வேறு. ஊன்றிய சில நாளில் துளிர் எட்டிப் பார்க்கும், வீடே பூரிக்கும். பிறகு அடியிலிருந்து கறுத்துக் காய்ந்துவிடும்.

துளிரை நம்பியதுதான் கோளாறு. தண்டில் சேமித்த மாவுச்சத்தே மொட்டு விரியப் போதும்; வேர் தேவையில்லை. விரிந்த இலையோ நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும், ஈடுகட்டக் கீழே ஒன்றும் இருக்காது.

வேர் பிறக்கும் வழி தனி. நுனியிலும் இளம் இலைகளிலும் சுரக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன், தண்டு வழியே கீழ்நோக்கி நகர்ந்து வெட்டுவாயில் தேங்குகிறது. அங்கே பட்டைக்கு அடியில், நீர் கடத்தும் குழாய்களை ஒட்டியிருக்கும் செல்கள் பழைய வேலையை விட்டுவிட்டு வேராக உருவெடுக்கின்றன. குச்சியைத் தலைகீழாக ஊன்றினாலும் அது தன் அடிப்பக்கத்தை மறப்பதில்லை. ஒரு முனையைச் சாய்வாகவும் மறுமுனையை நேராகவும் வெட்டி அடையாளம் வைத்துக்கொள்வது இதற்காகத்தான். நர்சரிகள் தொட்டு நடும் வேர்ப்பொடியில் இருப்பது பெரும்பாலும் இண்டோல் பியூட்டிரிக் அமிலம். அதன் வேரூட்டும் திறன் 1935-லேயே தெரிந்துவிட்டது. குச்சியை உருளைக்கிழங்கில் செருகும் வீடியோ வித்தையை விட்டுவிடலாம். கிழங்கு அழுகினால் பூஞ்சைக்குத்தான் விருந்து.

பூத்து முடிந்த, பென்சில் பருமனுள்ள கிளையில் ஒரு சாண் நீளம் போதும். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, மேலே இரண்டு இலைகளை மட்டும் விட வேண்டும். அவையே கீழே சர்க்கரையையும் ஆக்சினையும் அனுப்புபவை. மணலும் தேங்காய் நார்க்கழிவும் கலந்த தொட்டியில் பாதி புதையும்படி ஊன்றி, மேலே பாலித்தீன் பையைக் கவிழ்த்து, வெளிச்சமுள்ள நிழலில் வைக்கலாம். உள்ளே ஈரக்காற்று நின்றால் இலை வாடாது, வேருக்கு அவகாசம் கிடைக்கும். நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். தினம் பிடுங்கிப் பார்க்கிறவர் கையில் எந்தக் குச்சியும் தங்காது. புதுவேர் அவ்வளவு மென்மையானது.

எல்லா ரோஜாவும் ஒரே குணமில்லை. பன்னீர் ரோஜாவும் எட்வர்ட் ரோஜாவும் சுலபமாக வேர்விடும். பெரிய பூ பூக்கும் ஹைபிரிட் டீ வகைகள் பலவும் முரண்டு பிடிக்கும் என்பதால், நர்சரிகளில் அவற்றை வேறொரு ரோஜாவின் தண்டில் மொட்டு ஒட்டி வளர்க்கிறார்கள். அப்படி வாங்கிய செடியில் ஒட்டுக்குக் கீழே கிளம்பும் போத்து, அந்த வேர்ச்செடியின் பூவையே பூக்கும். கண்டதும் கிள்ளிவிட வேண்டும். குச்சியில் வளர்ந்த செடிக்கு இந்தக் காவல் வேண்டியதில்லை, மண்ணுக்கடியிலிருந்து எது முளைத்தாலும் அதே ரோஜாதான்.