உஷார்! ‘கெரீயா கன்ஸெலார்’ என்று வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள்

போர்ச்சுகலில் அறை போட்டிருக்கிறீர்களா? ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று விசாரிக்கப் போனைக் கையில் எடுத்துவிட்டீர்களா? கீழே வையுங்கள். இதைப் படித்துவிட்டு எடுங்கள்.

அம்மாவைப் பாத்திமா திருத்தலத்துக்கு அழைத்துப்போக ஒரு சின்ன விடுதியில் அறை போட்டிருந்தோம். 1917 மே 13 அன்று மாதா காட்சி கொடுத்ததாக ஆடு மேய்க்கும் மூன்று பிள்ளைகள் சொன்ன ஊர் அது. மே 12 இரவு மெழுகுவர்த்திப் பவனிக்குக் கூட்டம் அலைமோதும். கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது அம்மாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. போக முடியாமல் போனால் பணம் திரும்புமா என்று கேட்டு வைப்போம் என அக்கா, செல்போனில் மொழிபெயர்த்த வரியைத் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு பேசினாள்: ‘கெரீயா கன்ஸெலார் அ மீஞ்ஞா ரெஸெர்வா.’ எதிர்முனையில் ஒரு பெண் பெயரைக் கேட்டார். கீபோர்டு தட்டும் சத்தம். பிறகு, ‘இஷ்தா கன்ஸெலாதா.’ ரத்தாகிவிட்டது! பதறிப்போய் மறுபடி அழைத்தபோது அறை வேறு யாருக்கோ போயிருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியில் எடுத்து வைத்த ஜெபமாலையை மறுபடி அலமாரியில் வைத்தாள்.

‘கெரீயா’வை அகராதியில் பார்த்தால் ‘விரும்பினேன்’ என்று இறந்தகாலம் போல இருக்கும். கவுண்ட்டரில் அது மரியாதையான ‘வேண்டும்’. ‘கெரீயா உம் கஃபே’ என்றால் காபி வருகிறது. ‘கெரீயா கன்ஸெலார்’ என்றால் ரத்து நடக்கிறது. விசாரணை மட்டும்தான் என்றால் நடுவில் ‘ஸபேர்’, அதாவது ‘அறிய’, வந்தே தீர வேண்டும்: ‘கெரீயா ஸபேர் அஷ் கொன்திஸோய்ன்ஷ் டெ கன்ஸெலமேன்த்து.’ ரத்து நிபந்தனைகள் தெரிய வேண்டும் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்தான் எங்கள் துண்டுத்தாளில் இல்லாமல் போனது.

‘பொஸ்ஸு கன்ஸெலார்?’, ரத்து செய்யலாமா என்று கேட்பதும் ஆபத்து. ‘போதெ’, செய்யலாம் என்பார்கள். செய்யலாம்தான், பணம் வரும் என்று அவர்கள் சொல்லவில்லையே! ‘ரீஎம்போல்ஸு’ என்றால்தான் பணம் திரும்ப வருவது. அந்தச் சொல்லைப் போட்டுக் கேளுங்கள். பதிவுச் சீட்டில் ‘நௌன் ரீஎம்போல்ஸாவெல்’ என்று இருந்தால் பணம் திரும்பாத வகை.

கெடு சொல்லும் கிழமையில் இன்னொரு குழி. ‘அத்தே கின்த்தா-ஃபெய்ரா’ என்று பதில் வருகிறது. கின்த்தா என்றால் ஐந்தாவது. திங்கள், செவ்வாய் என்று விரல் விட்டு எண்ணினால் வெள்ளி வரும். தப்பு! அங்கே ஞாயிறுதான் முதல் நாள். திங்களே ‘செகுந்தா’, இரண்டாவது. ஆக, கின்த்தா வியாழக்கிழமை. வெள்ளி காலை நீங்கள் எழுதும்போது கெடு தாண்டிப் போயிருக்கும். கிழமையை நம்பாமல் தேதியை எண்ணில் எழுதி வாங்குங்கள். மணியும் அவர்கள் ஊர் மணிதான்: கோடையில் லிஸ்பனில் பகல் 12 என்றால் நமக்கு மாலை 4.30, குளிர்காலத்தில் 5.30.

முன்பணத்தை ‘ஸினால்’ என்று குறித்திருந்தால் இன்னும் கவனம். அந்நாட்டு சிவில் சட்டப்படி, ஸினால் கொடுத்தவர் பேச்சு மாறினால் அதை இழக்கிறார். வாங்கியவர் மாறினால் இரட்டிப்பாகத் தர வேண்டும். நம் ஊர் அட்வான்ஸ் மாதிரி பேசி வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். இணையத்தில் வாங்கியதை 14 நாளில் காரணம் சொல்லாமல் திருப்பலாம் என்று ஐரோப்பியச் சட்டம் இருக்கிறதே என்று யாராவது தைரியம் சொல்வார்கள். குறிப்பிட்ட தேதிக்குப் போட்ட அறைக்கு அது செல்லாது.

தயவுசெய்து போனிலேயே பேசி முடிக்காதீர்கள். மின்னஞ்சலில் கேளுங்கள், ரத்து செய்வதென்று முடிவான பிறகும் ‘போர் இஷ்க்ரீத்து’, எழுத்தில் உறுதி கேளுங்கள். தாங்களே எழுதிக் கொடுத்த நிபந்தனையை விடுதி மீறினால் புகார்ப் புத்தகம் இருக்கிறது. சிவப்பு அட்டை போட்டது. அங்குள்ள விடுதிகள் அதை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். 2017 முதல் இணையத்திலும் உண்டு, ஊர் திரும்பிய பிறகும் எழுதலாம். பெயர் ‘லீவ்ரு டெ ரெக்லமஸோய்ன்ஷ்’. கிளம்புவதற்கு முன் அதையும் துண்டுத்தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.