முழங்கால் வலியும் காந்தக் கருவியும்

மாதக்கணக்கில் தீராத முழங்கால் வலிக்கு எக்ஸ்ரே படம் பாதி விடையையே தருகிறது. எலும்பின் தேய்வையும் மூட்டின் இடைவெளி குறுகியிருப்பதையும் அது காட்டுமேயன்றி, ஜனங்கள் 'ஜவ்வு' என்று வழங்கும் பிறைவடிவக் குருத்தெலும்புகளையோ, மூட்டை நிலைகுலையாமல் பிணைத்து நிற்கும் தசைநார்களையோ காட்டுவதற்கு அதனால் இயலாது. இக்குறையை நிவர்த்தி செய்வதே எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படமுறை. இம்முறையில் எடுத்த படங்களை 1973-இல் பிரசுரித்த அமெரிக்கரான பால் லாட்டர்பரும், அதன் கணிதத்தைச் செம்மைப்படுத்திய ஆங்கிலேயரான பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் 2003-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

நமது சரீரத்தில் நீரும் கொழுப்பும் உள்ள இடமெங்கும் ஹைட்ரஜன் அணுக்கள் நிறைந்திருக்கின்றன. பூமியின் காந்தப் புலத்தைக் காட்டிலும் ஏறத்தாழ 30,000 மடங்கு வலிய 1.5 டெஸ்லா காந்தத்தினுள் கால் சென்றதும், அவ்வணுக்கருக்களில் ஒரு சிறு பகுதி புலத்தின் திசைக்கு இசைந்து நிற்க, வினாடிக்குச் சுமார் 6.4 கோடி முறை அதிரும் ரேடியோ அலையால் அவற்றைக் கலைத்து, அவை பூர்வ நிலைக்கு மீளும்போது எழும் நுண்ணிய சமிக்ஞைகளைத் திரட்டிக் கம்ப்யூட்டர் படமாக்குகிறது. எக்ஸ்ரே கதிர் இதில் கிடையாது. ஆயினும் பேஸ்மேக்கரோ, உடலுக்குள் வேறு உலோகமோ உள்ளவர்கள் அதை முன்கூட்டியே தெரிவிப்பது அவசியம்.

கொழுப்பின் ஒளியை அடக்கி எடுக்கும் படத்தில் நீர் வெண்மையாகவும், ஜவ்வும் தசைநாரும் கருமையாகவும் தோன்றும். ஆகையால், கரிய முக்கோணமாகத் தெரிய வேண்டிய ஜவ்வினூடே ஒரு வெண்கோடு ஓடி அதன் விளிம்பை எட்டினால் கிழிசல் என்றும், எலும்பினுள் வெண்படலம் பரவியிருந்தால் மஜ்ஜையில் நீர் கோத்திருக்கிறது என்றும், முழங்காலின் பின்புறம் வெண்மையான பை தென்பட்டால் நீர்க்கட்டி என்றும் நிபுணர்கள் அநுமானிக்கிறார்கள்.

ஆனால், கண்ட குறையெல்லாம் வலிக்குக் காரணமாகிவிடாது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேரைப் பரிசோதித்து 2008-இல் வெளியான ஆராய்ச்சியில், ஜவ்வு கிழிந்திருந்தவர்களுள் 61 சதவீதத்தினருக்கு முந்தைய ஒரு மாத காலத்தில் வலியோ விறைப்போ இருந்ததில்லை என்று தெரியவந்தது. எனவே, ஸ்கேன் அறிக்கையில் 'கிழிசல்' என்ற சொல்லைக் கண்ட மாத்திரத்தில் சத்திர சிகிச்சைக்கு விரையாமல், காலைத் தொட்டும் மடக்கியும் நீட்டியும் பார்த்த வைத்தியரிடம், படத்தில் தெரியும் குறையும் தாம் உணரும் வலியும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று கேட்டறிந்த பின்பே எதையும் முடிவு செய்வது விவேகமாகும்.