லயத்துக் கானும் மலைச்சரிவும்

கொழும்பு மாநகரின் தெருக்களுக்கு அடியிலே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பதிக்கப்பெற்ற கழிநீர்க் குழாய்கள் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று உடைந்துவிட்டால் தெரு உள்வாங்குகின்றது, வண்டிகள் நிற்கின்றன, பத்திரிகையிற் படம் வருகின்றது, ஆட்கள் வந்து தோண்டிச் செப்பனிடுகின்றனர். ஹற்றனுக்கோ நுவரெலியாவுக்கோ அப்பாற்பட்ட தேயிலைத் தோட்டத்தில் அத்தகைய குழாய் இல்லை. லயத்தின் ஓரத்தே திறந்து கிடக்கும் கானே அங்குக் கழிநீர் செல்லும் வழியாகும். அது வெடித்தால் எவரும் படம் எடுப்பதில்லை. எனினும், அதன் விளைவு தெரு உள்வாங்குவதினும் சிறியதன்று.

கான் என்னும் சொல் தோட்டத்து மக்களுக்கு நன்கு பழகியதொன்று. மழைநீர் மேல்மண்ணை அரித்துச் செல்லாதவாறு தேயிலை மலையிற் கான் வெட்டுவதும், அடைந்த கானைத் தூர் வாருவதும் தோட்ட வேலைகளுட் சேர்ந்தவை. அவற்றுக்கென ஆட்கள் நியமிக்கப்படுவர். கங்காணி மேற்பார்வை செய்வார். தேயிலைச் செடியின் வேரைக் காக்கும் கானுக்குக் கிடைத்த இக்கவனிப்பு, மனிதர் குடியிருக்கும் லயத்தின் கானுக்குப் பல தோட்டங்களிற் கிடைக்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

பழைய லயமொன்றின் அமைப்பை நோக்கினால் இதன் பொருள் விளங்கும். 10 அடிக்கு 12 அடி அளவுள்ள காம்பிராக்கள் வரிசையாகவோ முதுகோடு முதுகாகவோ அமைந்திருக்கும். சமையல் நீரும் துணி துவைத்த நீரும் கானில் விழும். மலசலகூடத்தின் குழி சரிவில் ஓரிடத்தில் இருக்கும். மேல்கணக்கின் லயத்துக்குக் கீழே மக்கள் நீராடியும் குடம் நிரப்பியும் செல்லும் பீலி. அதற்குங் கீழே பணியக்கணக்கின் லயம். மேலேயுள்ளவர் கழித்த நீரும் கீழேயுள்ளவர் முகக்கும் நீரும் ஒரே மலையின் ஊடே இறங்குகின்றன.

இவ்வபாயம் புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. தோட்டத் தொழிலாளரின் மருத்துவ வசதி, நோய்த்தடுப்பு என்பன பற்றி 1912இலேயே சட்டங்கள் இயற்றப்பட்டன. 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பு முயற்சியைத் தொடங்கிற்று. மலம் கலந்த ஈரமண்ணில் வளரும் இப்புழுவின் இளம்பருவம் வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும். குடலைச் சென்றடைந்து குருதியை உறிஞ்சும். பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருள் மிகப் பெரும்பாலானோரிடம் இப்புழு காணப்பட்டது. கீனோப்போடியம் எண்ணெயைக் குடிக்கக் கொடுத்துப் புழுவை வெளியேற்றினர். ஆயினும், மருந்துண்டவர் மறுநாள் நடந்து சென்றது அதே மண்ணில் அன்றோ? மலசலகூடம் கட்டினாலன்றி நோய் மீளும் என்பதை மருத்துவர் எடுத்துரைத்தனர்; தோட்ட நிர்வாகங்கள் பல, செலவை எண்ணித் தயங்கின. மருந்து கொடுப்பது எளிதாகவும் குழி வெட்டுவது அரிதாகவும் இருந்தது விந்தையே.

பிற்காலத்தில் மலசலகூடங்கள் பெருகின. சீமெந்துக் கான்களும் வந்தன. ஆனால், கட்டியதொன்று என்றும் கட்டியபடியே நிற்பதில்லை. சமவெளியிற் கழிநீர்க் குழாய்க்குள்ள தொல்லை மந்த ஓட்டமாகும். நொடிக்கு 2 அடி வேகமேனும் இல்லையெனில் அழுக்குப் படிந்து வழி அடைபடும். மலையிலோ தொல்லை நேர்மாறானது. செங்குத்தான சரிவில் விரைந்து பாயும் நீர், மணலையும் சரளையையும் உருட்டிச் சென்று சீமெந்தைத் தேய்க்கின்றது. ஆதலினாலேயே கானைப் படிப்படியாகக் கட்டி, ஒவ்வொரு படியிலும் நீரின் வேகத்தைத் தணிப்பது முறையாயிற்று. மரவேர் புகுந்தும், அடிமண் இறங்கியும் கானில் வெடிப்பு உண்டாகும். வெடிப்பின் வழியே இறங்கும் நீர் கானின் கீழுள்ள மண்ணைக் கரைக்கும். மேலே தளம் ஒழுங்காகத் தோன்றும். அடியிலோ வெற்றிடம் இருக்கும்.

குழியின் கசிவைக் காண்பது இதனினும் கடினம். அதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. புளோரசீன் என்னும் பச்சை ஒளிரும் சாயத்தை மேலேயுள்ள குழியில் ஊற்றிவிட்டு, கீழேயுள்ள பீலியைச் சில நாட்கள் கவனித்தல் வேண்டும். நீரிற் பச்சை தோன்றினால் இரண்டுக்கும் தொடர்புண்டு என்பது உறுதி. தோன்றாவிடின் தொடர்பில்லை என்று சொல்லிவிட முடியாது. பாறைப் பிளவுகளின் ஊடே நீர் செல்லும் காலம் நீளக்கூடும்.

கசியும் நீர் நோயை மட்டும் கொணர்வதன்று; மலையையும் நனைக்கின்றது. நீர் ஊறிய மண் கனக்கின்றது. மண்துகள்களின் பிடிப்பும் தளர்கின்றது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை மண் மூடிற்று. அது பெருமழையின் பின் நேர்ந்த பேரழிவு. உடைந்த கானொன்றின் மேற் பழியைச் சுமத்துதல் பொருந்தாது. ஆயினும், சரிவின்மேல் விழும் நீரை உள்ளிறங்க விடாது வெளியே நடத்திச் செல்வதே மலையைக் காக்கும் முதல் வழி என்பதைப் பொறியியலாளர் வற்புறுத்துகின்றனர்.

எனில், கானைச் செப்பனிட வேண்டியவர் யார்? இங்கேதான் சிக்கல். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குச் சென்றது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைநிதியைச் செலவிடுவதற்குத் தடையாய் நின்றது. தோட்டத்து மக்கள் வாக்களித்து உறுப்பினரைத் தெரிவு செய்தனர். அவ்வுறுப்பினரோ அவர்தம் வாசற் கானுக்கு ஒரு மூடை சீமெந்து கொடுக்கச் சட்டத்தில் இடமில்லாதிருந்தார். 2018இல் இச்சட்டம் திருத்தப்பட்டது. தடை நீங்கிற்று, ஆனால் நிலம் தோட்டத்தின் வசமே இருப்பதால், சபையும் நிர்வாகமும் ஒன்றுபட்டாலன்றி மண்வெட்டி இறங்குவதில்லை.

வேலையைத் தொடங்குங்கால் கீழிருந்து மேலே செல்லுதல் நன்று. கான் முடியுமிடத்தில் நீர் எங்கே விழுகின்றது என்பதை முதலிற் காணவேண்டும். வெறுஞ்சரிவில் விழுமாயின், இயற்கையான ஓடைவரை அதனை நீட்டுதல் வேண்டும். அல்லாவிடின் மேலே பூசும் சீமெந்து வீண். அதன்பின் வெடிப்பைத் தட்டி, உள்ளே வெற்றிடம் உண்டா எனச் சோதித்து, மண்ணை நிரப்பி இறுக்கியே பூசவேண்டும். மழை குறைந்த தை முதற் பங்குனி வரையுள்ள காலமே இதற்கு வாய்ப்பானது. நுவரெலியாப் பகுதியில் அக்காலத்து இரவுகளில் உறைபனி விழுவதுண்டு. குளிரிற் சீமெந்து மெதுவாகவே இறுகும். ஆகவே, பூசிய இடத்தைச் சாக்கினால் மூடி, கழிநீரைச் சில நாட்களுக்கு வேறு வழியே திருப்பிவிடுதல் வேண்டும். வைகாசியில் தென்மேற்குப் பருவமழை இறங்குமுன் கான் இறுகியிருத்தல் அவசியம்.