ஒட்ட மறுக்கும் பீக்

பல் டாக்டர் "பீக் போட்டுக்கலாமா?" என்று கேட்டால் பலரும் திருதிருவென்று முழிப்பார்கள். பாலிஈதர்ஈதர்கீட்டோன் என்கிற நீளப் பெயரின் சுருக்கம்தான் பீக். 1970களின் கடைசியில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் உருவாக்கிய பிளாஸ்டிக். விமானப் பாகம், முதுகெலும்பு இம்பிளாண்ட் என்று பல இடம் சுற்றிவிட்டு இப்போது பல் லேபுக்கும் வந்திருக்கிறது. பிரிட்ஜுக்கும் கழற்றி மாட்டும் பல் செட்டுக்கும் உள்ளே சட்டமாக நிற்பது இதன் வேலை. எடை குறைவு, கடிக்கும்போது உலோகத்தைப் போல் முரட்டுத்தனமாக முறைக்காது.

குறை, அதன் நிறம். வெளிறிய சாம்பல் பழுப்பு, ஒளியும் ஊடுருவாது. முன்பல்லில் அப்படியே விட்டால் சிரிக்கவே மனசு வராது. உலோகச் சட்டமாக இருந்தால் மேலே போர்சலினைச் சூளையில் சுட்டு ஏற்றலாம். அந்தச் சூளை 700 டிகிரியையெல்லாம் தாண்டும். பீக் 343 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகவே பல் நிறத்துக்கு இருக்கும் வழி, சொத்தை அடைக்கிற அதே காம்போசிட் ரெசின்தான். நீல விளக்கைக் காட்டினால் இறுகுமே, அது.

அது பீக்கின் மேல் லேசில் ஒட்டாது என்பதுதான் தகராறு.

மற்றவற்றில் எப்படி ஒட்டுகிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். பல் எனாமலைப் பாஸ்பாரிக் அமிலத்தால் அரித்தால் நுண்குழிகள் விழும், ரெசின் அதற்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். இதை 1955இல் காட்டியவர் அமெரிக்கப் பல் ஆய்வாளர் புவோனோகோர். கண்ணாடி வகை செராமிக்குக்கு, ரெசினோடு அதை இணைக்கிற சிலேன் என்கிற திரவம் இருக்கிறது. பழைய அக்ரிலிக் பல் செட் உடைந்தால் புது அக்ரிலிக்கின் திரவம் பட்ட இடம் சற்றே கரைந்து புதியதோடு கலந்துவிடும். பீக்கோ எதற்கும் மசியாது. அதன் சங்கிலியில் ரெசின் கைகோர்க்க இரட்டைப் பிணைப்பு கிடையாது. ரெசினின் திரவத்தில் கரையவும் செய்யாது. மேலே விட்ட திரவம் தாமரை இலைத் தண்ணீராகப் பரவாமல் நிற்கப் பார்க்கும். வாயில் எதோடும் வினைபுரியாமல் சமர்த்தாக இருக்கிறது என்பதற்காகத்தானே அதை எடுத்தோம்? அந்தச் சமர்த்துதான் இங்கே வம்பு.

ஆய்வுக்கூடத்தில் 98 சதவீத கந்தக அமிலத்தில் ஒரு நிமிடம் போல வைத்துப் பார்த்தார்கள். மேற்பரப்பு கடற்பஞ்சு மாதிரி ஓட்டையாகி, ரெசின் நன்றாகவே பிடித்தது. ஆனால் கையில் தெறித்தால் தோலை வேக வைக்கிற அமிலத்தைத் தினசரி லேப் வேலையில் புழங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. கழுவிக் கழுவி ஊற்றினாலும் துளைகளில் மிச்சம் தங்கலாம்.

நடைமுறையில் சாண்ட் பிளாஸ்ட்தான். 50 அல்லது 110 மைக்ரான் அலுமினா துகளைக் காற்றழுத்தத்தில் அடிப்பார்கள். பளபளப்பு போய்ச் சட்டம் முழுக்க ஒரே மாதிரி மங்க வேண்டும். சாய்த்துப் பார்க்கும்போது எங்காவது மினுங்கினால் அங்கே துகள் படவில்லை என்று அர்த்தம். தூசியைச் சுத்தம் செய்து, மெத்தில் மெத்தாக்ரிலேட் கலந்த பிரைமரை மெல்லிசாகத் தடவி விளக்கில் இறுக வைப்பார்கள். பிறகு பழுப்பை மறைக்க ஓப்பேக்கர், அதற்கு மேல் காம்போசிட். துகள் அடித்தால் மட்டும் போதாது, கெட்டியான காம்போசிட் அந்தக் குழிக்குள் சரியாக இறங்காது. பிரைமர் மட்டும் போட்டால் வழவழப்பில் அதற்குப் பிடிமானம் இல்லை.

ஐ.எஸ்.ஓ. 10477 என்கிற சர்வதேசத் தரநிலை கேட்கும் குறைந்தபட்சப் பிடிப்பு 5 மெகாபாஸ்கல். சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய அரைக் கிலோ பாரம். வாய்க்கு 10 வேண்டும் என்பார்கள் பலர். சோதனைத் துண்டை 5 டிகிரி நீரிலும் 55 டிகிரி நீரிலும் ஆயிரக்கணக்கான முறை மாற்றி மாற்றி முக்கிய பிறகு எவ்வளவு பிடிப்பு மிஞ்சுகிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். நாம் ஐஸ்கிரீமும் சாப்பிடுவோம், காபியும் குடிப்போம்.

மேல் பூச்சு துண்டாகப் பெயர்ந்தால் பெரும்பாலும் பிரிட்ஜையே கழற்ற வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார வைத்தே சின்னக் கைக்கருவியால் துகள் அடித்து, பிரைமர் தடவி, காம்போசிட் வைத்துவிடலாம். இடையில் எச்சில் பட்டுவிட்டால் மட்டும் துகள் அடிப்பதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.