இரண்டு எழுத்து ராஜ்யம்

கதை படிப்பது பொழுதுபோக்குக்காக. பொழுதுபோக்கென்றால் அது மனத்துக்கு இதமாக இருக்க வேண்டும் என்பது பெரியவர்கள் பலருடைய அபிப்பிராயம். அப்படியிருக்க, வருங்காலத்து மனிதர்கள் யந்திரங்களுக்கும் கொடுங்கோலர்களுக்கும் அடிமைப்பட்டுத் தவிக்கும் கதைகளை நம் பிள்ளைகள் இராக் கண் விழித்துப் படிப்பானேன்? தமுக்கத்தில் நடக்கும் புத்தகத் திருவிழாவுக்கு எங்கள் தல்லாகுளத்துப் பிள்ளைகள் நடந்தே போய் வருகிறார்கள். திரும்புகையில் சிலருடைய கக்கத்தில் சுஜாதாவின் "என் இனிய இயந்திரா" இருக்கும். "இதில் என்ன ஸார் இன்பம்?" என்று அவர்களுடைய தகப்பனார்கள் என்னைக் கேட்பதுண்டு.

கேள்வி நியாயமானதே. கதையை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த நவீனம் அது. சுஜாதா என்ற பெயரில் எழுதிய ரங்கராஜன், பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் எஞ்சினீயராக இருந்தவர். ஓட்டுப் போடும் யந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கும் பங்கு உண்டு. ஜனநாயகத்துக்கு யந்திரம் செய்த கைதான், ஜனநாயகம் செத்துப் போனால் என்ன ஆகும் என்றும் எழுதிப் பார்த்தது.

கதை நடப்பது 2021-ஆம் ஆண்டையொட்டி. தேசம் முழுவதும் ஜீவா என்னும் ஒரே தலைவரின் ஆட்சி. பிரஜைக்கு எண் உண்டு; பெயர் மட்டும் இரண்டு எழுத்தைத் தாண்டக் கூடாது. குழந்தை பெற்றுக் கொள்ள சர்க்காரின் அனுமதி வேண்டும். முதியவர்களின் ஆயுளைச் சர்க்காரே முடித்து வைத்துவிடும். நிலா என்னும் பெண்ணின் கணவன் சிபி காணாமற் போகிறான். அவள் வீட்டில் குடியேறும் ரவியோடு ஜீனோ என்ற யந்திர நாய் ஒன்றும் வந்து சேர்கிறது. அந்த நாய் புத்தகம் படிக்கிறது, ஹாஸ்யம் பேசுகிறது, வரவரத் தானாகவே யோசிக்கவும் தொடங்கிவிடுகிறது!

பெயர்ச் சட்டத்தை மதுரைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? மீனாட்சி 'மீனா' ஆகித் தப்பித்துக் கொள்வாள். சொக்கலிங்கத்தின் பாடுதான் திண்டாட்டம். 'சொக்கு' என்று சுருக்கினாலும் மூன்று எழுத்து ஆகிவிடுகிறதே! வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் ஒரு பையன், "எங்களுக்கும் நம்பர் இருக்கே ஸார்" என்றான். வாஸ்தவம்தான். பள்ளிக்கூடத்தில் ஓர் எண், ஆதாரில் பன்னிரண்டு இலக்கத்தில் இன்னோர் எண். உதவித் தொகை உரியவர் கைக்குப் போய்ச் சேர எண் பயன்படுகிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தரங்கம் என்பது பிரஜையின் அடிப்படை உரிமை என்று 2017-இல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் கூடித் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அரசியல் சட்டப் பாடத்தை அவ்வளவு கவனமாக அவர்கள் கேட்டு நான் பார்த்ததில்லை.

இத்தகைய கதைகளில் உலகப் புகழ் பெற்றது ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட "1984". அவர் 1903-இல் பிறந்தது பீஹாரிலுள்ள மோதிஹாரியில். பதினான்கு வருஷங்களுக்குப் பிறகு, சம்பாரண் குடியானவர்களுக்காகக் காந்திஜி மாஜிஸ்திரேட்டின் முன் நின்றதும் அதே ஊரில்தான். ஆர்வெலின் தகப்பனார் சர்க்காரின் அபினி இலாகாவில் உத்தியோகஸ்தர்; ஆர்வெலே பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர். அதிகாரம் எப்படி நடக்கும் என்பதை உள்ளேயிருந்து பார்த்தவரின் கதை அது. நம் சுஜாதாவின் வாசகர்களுக்கும் அநுபவம் இல்லாமல் இல்லை. 1975 முதல் 1977 வரையிலான நெருக்கடி நிலையில் வடநாட்டுக் கிராமங்களில் ஆண்களைப் பலவந்தமாகப் பிடித்துக் கருத்தடை ஆப்பரேஷன் செய்தது அவர்களுக்கு நேற்று நடந்தது போல் இருந்திருக்கும்.

ஆயினும் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இது ஒன்றுமல்ல. எங்கள் ஊரிலிருந்து மேற்கே பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் உசிலம்பட்டி. பெண் சிசுக்களைப் பிறந்தவுடனே கொல்லும் வழக்கம் அங்கே இருப்பதை 1986-இல் ஒரு பத்திரிகை வெளியிட்டபோது தேசமே திடுக்கிட்டது. 1992-இல் தமிழ்நாட்டு சர்க்கார் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. தெற்கே விருதுநகர்ப் பக்கத்தில், படுக்கையில் விழுந்த முதியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி அவர்கள் கதையை முடிக்கும் 'தலைக்கூத்தல்' 2010-இல் பத்திரிகைகளில் அடிபட்டது.

யார் பிறக்கலாம், யார் போய்விட வேண்டும்? கதையில் இதைத் தீர்மானிக்க ஒரு சர்வாதிகாரியும் அவனுடைய கம்ப்யூட்டர்களும் தேவைப்பட்டன. இந்தச் சமவெளியில் அடுப்பங்கரையும் திண்ணையுமே போதுமாயிருந்தன. வறுமை, வரதட்சிணை, நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம், இவைதாம் அங்கே சட்டம். இதைச் சொன்ன அன்று, பின் பெஞ்சியில் எப்போதும் மௌனமாயிருக்கும் ஒரு பெண் எழுந்து, "அப்போ ஜீவாவே வேண்டியதில்லையா ஸார்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியைத்தான் தகப்பனார்களுக்குப் பதிலாகச் சொல்லி வருகிறேன். இனிமையான குடும்பக் கதை எதைப் படித்தும் என் வகுப்பில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. 'வருங்காலம்' என்ற திரைக்கு அப்பால் நடப்பதாகச் சொன்னால், முகத்துக்கு நேரே கேட்கக் கூடாதவற்றையும் பிள்ளைகள் தாராளமாகக் கேட்டுவிடுகிறார்கள். அதில் ஓர் உல்லாசமும் இருக்கத்தான் செய்கிறது.

அந்த ஜீவா உண்மையில் யார் என்று கதை முடிவில் தெரிய வரும். அதை நான் இங்கே சொல்லிவிட்டால் ஜீனோ என்னைக் கடிக்கும். படித்து முடித்தவர்களுக்கு "மீண்டும் ஜீனோ" என்ற இரண்டாம் பாகமும் இருக்கிறது. என்னுடைய பிரதி ஒரு மாணவியின் பாட்டியாரிடம் இருக்கிறது. அவர் படித்து முடித்துத் தந்தால்தான் அடுத்தவருக்கு.