பல்பை மாற்றும் முன் ஒயரைப் பாருங்கள்

1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூர் ஆலையில் தயாரித்த பழைய புல்லட்டுகள் இன்றும் நம் சாலைகளில் ஓடுகின்றன. ஆலை அவற்றை ஒருமுறைதான் செய்தது. அதன்பின் ஓட வைத்தவர்கள் பட்டறைக்காரர்கள், லேத்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரோடு வாசலில் உட்காரும் சொந்தக்காரர்கள். சென்னை புதுப்பேட்டை உதிரிபாகச் சந்தையிலும் கிடைக்காத பாகத்தைத் தகட்டில் வெட்டி, அரத்தால் ராவிப் பொருத்திவிடும் அந்தக் கைத்திறன் பெருமைக்குரியது. ஆனால் அதே கைகள் ஹெட்லைட்டைத் தொடும்போது பெரும்பாலும் தவறான இடத்தில் தொடங்குகின்றன.

'வெளிச்சம் பத்தவில்லை' என்றதும் 60/55 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100/90 வாட் போடுவது வழக்கம். 12 வோல்ட்டில் 100 வாட் என்றால் 8 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் ஓடும். ஆலை போட்ட மெல்லிய ஒயரும் ஸ்விட்சும் அதைத் தாங்கா. கப்ளர் உருகும், சில வண்டிகளில் ஒயரிங்கே கருகும்.

தொலையும் வோல்ட்

பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் சாவி ஸ்விட்ச், ஹேண்டில்பாரில் உள்ள டிம்-பிரைட் ஸ்விட்ச், இடையிலுள்ள கப்ளர்கள் எல்லாவற்றையும் கடந்துதான் பல்புக்கு வருகிறது. துருப்பிடித்த ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் வோல்டேஜைத் தின்கிறது. ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். பழைய 6 வோல்ட் புல்லட்டுகளில் நிலைமை இன்னும் மோசம்: அதே வாட்டுக்கு இரு மடங்கு ஆம்பியர் தேவை, அதே ஒயரில் இழப்பு நான்கு மடங்கு.

இதற்கு மருந்து, சிறு மின்சாரத்தால் கனத்த மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே. பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒன்றை, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் வைத்து, ரிலேயின் 30-ஆம் எண் காலுக்குக் கொண்டுவர வேண்டும். 87-ஆம் காலிலிருந்து பல்புக்கு. பழைய ஸ்விட்ச் ஒயர் 86-க்கு, எர்த் 85-க்கு. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே வேண்டும். இனி ஸ்விட்ச் ரிலேயை இயக்கினால் போதும்; கனத்த மின்சாரம் நேர்வழியில் போகும். ஹெட்லைட்டின் எர்த் ஒயரையும் தனியாக பேட்டரி நெகட்டிவ் வரை இழுத்துவிடுங்கள். பல்பை மாற்றாமலே வித்தியாசம் தெரியும். ஸ்டேட்டர் காயிலிலிருந்து நேரடியாக ஏசி மின்சாரத்தில் எரியும் சிறிய வண்டிகளுக்கு மட்டும் இந்த முறை பொருந்தாது.

எதிரே வருபவரின் கண்

ஹெட்லைட்டின் ரிஃப்ளெக்டர், பல்பின் இழை எந்த இடத்தில் இருக்கும் என்று கணக்கிட்டு வடிவமைக்கப்பட்டது. டிம், பிரைட் என இரண்டு இழைகள் கொண்ட எச்4 பல்பில் டிம் இழைக்குக் கீழே சிறு தகடு இருப்பது, மேல்நோக்கிச் சிதறும் ஒளியை மறைக்கத்தான். மலிவான எல்இடி பல்புகள் பலவற்றில் சிப் அந்த இடத்தில் இருப்பதில்லை. நமக்கு வெளிச்சம் கூடியதுபோல் தோன்றும். எதிரே வருபவருக்கோ கண் இருண்டுவிடும். வலதுபுறப் போக்குவரத்து உள்ள நாடுகளுக்காகச் செய்த விளக்குகளும் ஆபத்தானவை. சாலை ஓரத்தைக் காட்ட வேண்டிய ஒளியை அவை எதிர்ப்பக்கம் வீசும்.

பொருத்தியபின் வண்டியில் ஆள் உட்கார்ந்த நிலையில், சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்தி டிம் போடுங்கள். ஒளியின் மேல்விளிம்பு, விளக்கின் மையத்தைவிட சுமார் 2 அங்குலம் கீழே விழ வேண்டும்.

வீட்டில் செய்யும் கிளாம்ப்

கூடுதல் விளக்குக்குக் கிளாம்ப் செய்பவர்கள் முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்க்க வேண்டும். பிறகு 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு. ஒற்றை சிலிண்டர் வண்டியின் அதிர்வில் விரிசல் எப்போதும் கூரிய உள்மூலையிலோ துளையின் சொரசொரப்பான விளிம்பிலோதான் தொடங்கும். மூலைகளை வளைவாக அறுத்து, துளைகளை வழவழப்பாக ராவுங்கள். விளக்குக்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர் புஷ், போல்டுக்கு நைலாக் நட். வண்டியிலேயே வெல்டிங் வைக்க நேர்ந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். பிரேக், ஹேண்டில், சக்கர அச்சு ஆகியவற்றை வீட்டில் செய்யவே கூடாது. அவை முறிந்தால் பறிபோவது உயிர்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தப்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். எனவே புதிதாக ஒன்றைப் பொருத்தும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

கைத்திறனைக் காட்ட விரும்புகிறவர்கள் ஒயரிங்கில் காட்டட்டும், அளவெடுப்பதில் காட்டட்டும். நம் பாதையைத் தெளிவாகக் காட்டிக்கொண்டே எதிரே வருபவரின் பாதையையும் விட்டுவைக்கும் விளக்குதான் நல்ல விளக்கு. அதைச் செய்து முடிக்கும் கைதான் தேர்ந்த கை.