நாய் வளர்ப்பும் வரவு செலவும்

நாய்க்குட்டி ஒன்றை வாங்கப் புகுவோர் அதன் விலையைக் குறித்து நெடும்பொழுது வழக்காடுவர். வாங்கியபின் அதனைப் பேணுதற்காகும் பொருளைக் குறித்தோ ஒரு நாழிகையும் எண்ணுவதிலர். விலை ஒருநாட் செலவு. பேணுதலோ பத்து, பன்னிரண்டு, சிலவற்றிற்குப் பதினைந்து ஆண்டுச் செலவு. தெருவிற் கிடந்த குட்டியை இரக்கத்தால் எடுத்து வந்தவர்க்கு விலை ஒன்றும் இல்லை; ஆயினும் பின்வரும் செலவில் அவர்க்குக் காசளவும் குறைவதில்லை. நம் கல்லூரியினின்று நீங்கி வேலையில் அமரும் நண்பருட் சிலர் முதற் சம்பளத்திலேயே நாயைத் தேடப் புறப்படுகின்றனராதலின், இப்பொருளை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நாய்க்காகும் செலவு அறிந்த செலவு, அறியாச் செலவு என இருதிறப்படும். உணவு, தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து, உரிமக் கட்டணம் ஆகியன அறிந்தவை. குட்டிக்கு ஆறு அல்லது எட்டு வாரம் ஆனதும் முதல் ஊசி இடுவர். பதினாறு வாரம் நிரம்பும்வரை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் இடுவர். வெறிநோய்க்குரிய ஊசி மூன்று திங்களளவில் தொடங்கி நம் நாட்டில் ஆண்டுதோறும் இடப்பெறுகின்றது. இவ்வொன்றில் மட்டும் சிக்கனம் பாராட்டலாகாது. என்னை? குறிகள் தோன்றியபின் அந்நோயினின்று நாயும் மீள்வதில்லை. மனிதரும் பெரும்பாலும் மீள்வதில்லை. பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1885ஆம் ஆண்டில் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதல் இட்ட ஊசியும், 1907இல் குன்னூரில் எழுந்த அவர் பெயர்தாங்கிய நிலையமும் இந்நோயின் கொடுமையை உணர்த்துவன. சென்னை மாநகராட்சியில் நாய் வளர்க்க உரிமம் பெறுவோர் இவ்வூசிச் சான்றினைக் காட்டல் வேண்டும். இச்செலவுகளையெல்லாம் ஆண்டிற்குக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்துத் திங்கள்தோறும் ஒதுக்கினால் இவற்றால் இடர் விளைவதில்லை.

இடர் விளைப்பது அறியாச் செலவே. குட்டிகளைத் தாக்கும் பார்வோ நோயில் வாந்தியும் குருதிக் கழிச்சலும் உண்டாகும். பல நாள் மருத்துவமனையில் வைத்துச் சிரைவழி மருந்துநீர் ஏற்றல் வேண்டும். அகன்ற மார்புடைய பெருநாய்களுக்குச் சிலபோது வயிறு காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும். சில மணி நேரத்தில் அறுவை செய்யாவிடின் உயிர் போம். இது நள்ளிரவில் நேர்ந்தால் மருத்துவர் ஒரு தொகையைக் கூறுவார். அத்தொகை கையில் இல்லாதான் கடன் கொள்வான். அன்றேல் நாயைத் துன்பமின்றிக் கொல்லும் ஊசியை வேண்டுவான். அதற்கும் நெஞ்சிலாதான் தொலைவிலுள்ள தெருவொன்றில் விட்டு வருவான். நோயால் அன்றி, உடையான் கையில் அன்று பணம் இன்மையால் மாயும் நாய்கள் எந்நாட்டிலும் உள. ஏழையரின் விலங்குகள் இங்ஙனம் மடிதல் பொறாது மரியா டிக்கின் என்னும் அம்மையார் 1917இல் இலண்டனின் வயிட்சாப்பல் பகுதியில், நிலவறை ஒன்றில், கட்டணமில்லா மருத்துவச்சாலை திறந்தனர்.

நாம் அறிந்த குடும்பம் ஒன்றில் பெண்ணாய்க்குக் கருத்தடை அறுவை செய்தலை, செலவு நோக்கி, ஆண்டுதோறும் தள்ளிவைத்தனர். ஏழாம் ஆண்டில் அதன் கருப்பையிற் சீழ் பிடித்தது. முன்னரே செய்திருப்பின் அந்நோய் வந்திராது. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்கென வைத்த பணம் அறுவைக்குச் சென்றது, நாய் பிழைத்தது. கட்டணத்தைக் கடன்பட்டே கட்டினர்.

நிற்க. இத்தகைய செலவிற்கு அரணாகவே நாய்க்கும் இன்ஷூரன்ஸ் என்னும் காப்பீடு தோன்றிற்று. சுவீடன் நாட்டில் முதலில் குதிரை, கால்நடைகளுக்கு இருந்த இம்முறை 1924இல் நாய்க்கும் வந்ததென்பர். நம் நாட்டிலும் கறவை மாட்டிற்கு நெடுங்காலமாக உள்ள இக்காப்பு இன்று வீட்டு நாய்க்கும் கிடைக்கின்றது. அது நடைபெறுமாற்றை ஒரு கணக்கினாற் காட்டுவாம். தொகைகள் விளக்கத்தின்பொருட்டு நாம் கொண்டவை. அறுவைச் செலவு ரூ. 40,000 என்க. முதல் ரூ. 5,000 உடையவனுடையது என்பது உடன்படிக்கை. எஞ்சிய ரூ. 35,000இல் நூற்றுக்கு 80 பங்கு கம்பெனியுடையது, அஃது ரூ. 28,000. ஆகவே உடையவன் பங்கு ரூ. 12,000. ஆண்டிற்கு ரூ. 25,000க்கு மேல் தருவதில்லை என்னும் வரம்பும் இருப்பின் அவன் பங்கு ரூ. 15,000 ஆகிவிடும். இவற்றோடு ஆண்டுதோறும் கட்டும் பிரீமியம் வேறு.

இதனினும் பலர் கருதாத ஒன்றுண்டு. கம்பெனியார் பெரும்பாலும் பணத்தைப் பின்னரே திருப்பித் தருவர். மருத்துவமனையில் அன்றிரவே ரூ. 40,000 முழுவதையும் எண்ணி வைப்பவன் உடையவனே. எனவே காப்பீடு உடையார்க்கும் உண்டியல் வேண்டும். அன்றியும், பத்திரம் எழுதிய சில நாள்வரை காத்திருப்புக் காலம் என்பர். அக்காலத்து வரும் நோய்க்கு ஈடில்லை. முன்னரே இருந்த நோய்க்கும் இல்லை. தடுப்பூசி இடாமையால் வந்த நோயையும், பிறவிக் குறையையும் விலக்கும் பத்திரங்கள் பல. வயது முதிர்ந்த நாயைப் புதிதாக ஏற்பதும் அரிது.

ஆதலின், எதிர்நோக்கிய சிறு செலவுகளுக்குக் காப்பீட்டை நாடுதல் வீண் என்பதும், குடும்பத்தைக் கவிழ்க்கவல்ல பெருஞ்செலவு ஒன்றிற்கே அது தகும் என்பதும் நம் கருத்து. அதனினும் பெரிய சிக்கனம் நாயைத் தெரிந்தெடுப்பதிலேயே உளது. தட்டை முகமுடைய பக் மூச்சிற்கு இடர்ப்படும்; அல்சேஷியனுக்கு இடுப்பெலும்பு மூட்டு நோய் வழிவழி வருவது. பனிநாட்டு ஹஸ்கியைச் சென்னை வெயிலில் வைத்துக் குளிர்காற்றுப் பொறிக்கு மின்கட்டணம் செலுத்துவார் செய்கை நமக்கு விளங்குவதில்லை. சிப்பிப்பாறையும் கன்னியும் இந்நிலத்து வெயிலிலேயே வளர்ந்தவை. எனினும் ஓடுதற்கு வெளி இல்லாத வீட்டில் அவற்றையும் அடைத்தல் தகாது.

கைப்பொருள் குறைந்தார் அரசினர் கால்நடை மருந்தகங்களையும், 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனையையும் நாடலாம். கூட்டம் மிகுதியாயினும் கட்டணம் குறைவு. இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எதுவென்பதை நாய் நலமாய் இருக்கும்போதே கேட்டு வைத்தல் வேண்டும். காப்பீடு செய்தார் ஊசிச் சீட்டு, மருந்துச் சீட்டு, பணம் பெற்ற இரசீது, நாயின் படம் ஆகியவற்றை ஓர் உறையிலிட்டு வைத்துக்கொள்க. கம்பெனியார் முதலிற் கேட்பன அவையே. அறிவிக்கக் குறித்த நாட்கள் கழிந்தபின் கேட்டுப் பயனில்லை.